கவிழ்த்துவைத்த பூட்ஸ்

மலை ஊரான தானா ராத்தாவில் வக்கீல் சசிரேகாவின் மேசைமேல் பனிமூட்டத்து வெளிச்சம் சாய்ந்து கிடக்கிறது. நாளை விசாரணை. அதற்கு முன் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்குக் கொடுத்தாக வேண்டிய சாட்சிய ஆவணக் கட்டை அரசுத் தரப்பு இன்றுதான் கொடுத்திருக்கிறது. எஸ்டேட் ஸ்டோரில் பூச்சிமருந்து அடிக்கும் பம்பைத் திருடியதாகப் பூவிழியின் மகன் ஹரிதாஸ் உள்ளே இருக்கிறான். அவனுக்காக வந்த அவளோ, அந்த ஆவணங்களுக்குள் இருக்கும் ஒரு படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. திருட்டு நடந்த மறுநாள் விடியலில் போலீஸ் எடுத்தது. இப்போது இடித்துவிட்ட அவளுடைய வீடு, எஸ்டேட் தொழிலாளர் வரிசையிலிருந்த லைன் வீடு. நீலக் கதவு. கூரைக்கடியில், செத்துப்போன புருஷன் நட்ட மூன்று ஜோடிக் குச்சிகள். இரண்டில் அவளும் மகனும் கவிழ்த்த பூட்ஸ். மூன்றாவது வெறுமனே நிற்கிறது. "அட்டை பூந்துரும்னு அவருதான் கவுத்து வைக்கப் பழக்குனாரு மிஸ்." விரல் மகனுடைய பூட்ஸில் நிற்கிறது. "அவனுக்கு இருந்ததே இந்த ஒரு ஜோடிதான். அன்னிக்கு ராவெல்லாம் மழை லா. ஸ்டோருக்குப் பள்ளத்துல இறங்கிப் போயிருந்தா அடியில சேறு இருக்காதா? காஞ்சு கெடக்கு பாருங்க." சசிரேகா படத்தின் மேல் குனிகிறாள். பிறகு மெல்லப் பேனாவைத் திறக்கிறாள். "அவங்க குடுத்த படமே நமக்குப் பேசுதும்மா." பூவிழியின் கை இப்போது படத்திலுள்ள நீலக் கதவின்மேல் இருக்கிறது. "கேஸ் முடிஞ்சதும் இந்தப் படத்த எனக்குக் குடுத்துருவாங்களா மிஸ்?"