நத்தையின் கண்

"கையெழுத்துப் போட்டுடாதீங்க தவுக்கே, என் பொழப்பே போயிடும்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள் ரோஹானி.

தாய்லாந்து எல்லையில், சடாவ் சுங்கக் கொட்டகை. மலேசியாவின் கெடாவிலிருந்து லாவோஸ் போகிற வழியில், அவளுடைய நாற்பது பெட்டி நத்தை மார்க் தைலத்தை அதிகாரி பிரசித் நிறுத்தி வைத்திருந்தார். போலிச் சரக்கு என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள்.

அவள் 'தவுக்கே' என்று கூப்பிட்ட நத்தை மார்க் முதலாளி கோ செங் லியோங், கெடாவின் அலோர் ஸ்டாரிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்திருந்தார். அவள் முகத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏழைகளின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

சரக்கு விவரத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி பிரசித் அவளிடம் பேனாவை நீட்டினார். வாங்கிய விரலின் நுனியெல்லாம் கறுத்த தழும்புகள்.

"என்னம்மா விரல் இப்படி இருக்கு?"

"பதினோரு வருஷம் ஊசி புடிச்ச கை சார்."

கோ ஒரு சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "லேபிள்ல நத்தையோட கண்ணைப் பாருங்க சார். எங்க சரக்குன்னா அதுல ஊசித் துளை இருக்கும். இது எனக்கும், போன வருஷம் செத்துப்போன எங்க மேஸ்திரிக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்."

பத்துப் பெட்டிகளைப் பிரித்தார்கள். ஒரு நத்தைக்கும் கண்ணில் துளை இல்லை.

"எம் பேரை வித்துச் சோறு திங்கப் பார்க்கிறியா, திருட்டுக் கழுதை?"

"பேசி முடிச்சுக்கலாம் தவுக்கே."

"உங்கிட்ட எனக்கென்ன பேச்சு? எல்லாத்தையும் ரோடு ரோலர் விட்டு நசுக்கச் சொல்லுங்க சார்."

பிரசித் சத்தியத் தாளைக் கோ பக்கம் தள்ளினார். "நல்லா படிச்சுப் பாருங்க. துளை இல்லாத சீசா எதுவும் உங்க சரக்கு இல்லைன்னு சத்தியம் பண்றீங்க. அப்புறம் மாத்த முடியாது."

"நூறு தடவை பண்றேன்." மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது. அத்தனை ஆங்காரம்.

ரோஹானி அழுகையை நிறுத்தினாள். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து மேசையில் வைத்தாள். போன மாதத் தேதி, கோவின் தொழிற்சாலை முத்திரை.

"இது எங்க பில்லாச்சே" என்றார் கோ.

"சரக்கும் உங்களுதுதான். மொட்டைக் கடுதாசி போட்டது நான்."

பிரசித் தாளை மறுபடி படித்தார். "அப்படின்னா துளை இல்லாம கடைகள்ல இருக்கிற உங்க சரக்கும் போலின்னுல்ல எழுதிக் குடுத்திருக்கீங்க?"

கோ பில்லைக் கையில் எடுத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "அப்ப... துளை எங்க?"

"எங்கம்மாவை அடக்கம் பண்ண ரெண்டு நாள் லீவு கேட்டேன்னு துரத்துனீங்களே, அன்னியோட என் ஊசி நின்னுபோச்சு தவுக்கே."