புது ஏவுகணையும் தகர வாளியும்

வடதுருவப் பனிக்கடலில் நாற்பது வயதான ரஷ்ய அணு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இருந்தது. அதன் ஒழுகும் குழாய்க்கு அடியில், அதே வயதுள்ள தகர வாளி ஒன்று உட்கார்ந்திருந்தது.

கப்பலை நவீனமாக்க வந்தவர்கள் புத்தம்புது ஏவுகணையை ஏற்றினார்கள், பளபளக்கும் திரைகளை மாட்டினார்கள். குழாயை மட்டும் யாரும் சீந்தவில்லை. போகிற போக்கில் வாளிக்கும் சாம்பல் பெயிண்ட் அடித்து, நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். வாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் மூவாயிரம் மைல் பாய்வேனாக்கும்! கிழமே, உன்னால என்ன முடியும்?" என்றது ஏவுகணை.

"ஒழுகுறதைப் பிடிப்பேன், தம்பி."

ஏவுகணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

கப்பல் ஆழத்துக்கு இறங்கியது. சொட்டிக்கொண்டிருந்த குழாய் கொட்டத் தொடங்கியது. வாளி நிரம்பி வழிந்து, ஏவுகணையின் காலடியை நனைத்தது.

"அண்ணே," என்றது ஏவுகணை. "இங்கேருந்து கரை எவ்வளவு தூரம்?"

வாளி வாயைத் திறப்பதற்குள் கேப்டன் யெகோரோவ் ஓடிவந்தார். குழாயைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். உடனே தலைமையகத்துக்குச் செய்தி பறந்தது:

"நவீனமயமாக்கல் முழு வெற்றி. இரண்டாம் கட்டமாக, இதைவிடப் பெரிய வாளி ஒன்று அனுப்பவும்."