பெயர் மாறிய சதை

"எனுக்குக் கேன்சர்னு எழுதிக் குடுத்த ஆளு யாரும்மா? இப்ப என் எதிர்ல வரணும்!"

அன்புராஜ் ஓங்கித் தட்டிய தட்டில் மேசையிலிருந்த பேனாக்கள் உருண்டு தரையில் விழுந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். கோபம் வந்தால் அவனுக்கு வாய் முன்னால் போகும். புத்தி அடுத்த பஸ்ஸில் வரும். இன்று அந்தக் கோபம் திருவள்ளூர் பரிசோதனைக்கூடத்துக்கு வந்திருந்தது.

வரவேற்பில் இருந்த கவிப்பிரியா பேனாக்களைப் பொறுக்கி வைத்தாள்.

"உக்காருங்க சார். ரிப்போர்ட்டைக் காட்டுங்க."

"உக்கார வர்ல நானு!" கசங்கிய காகிதத்தை அவள் முன் எறிந்தான்.

அன்புராஜ், வயது 44, ஆண். இடது கன்னத்தின் உட்புறச் சதை. நோய்க் குறியீடு: சி 06.

"இந்த சி 06 இன்சூரன்ஸ் மூலியமா கம்பெனிக்குப் பூடுச்சு. ஆபீஸ் பொண்ணு செல்லுல தட்டிப் பாத்துட்டு, வாயில கேன்சருங்குது. ரெண்டு நாளா என்னை கேட்டுக்குள்ள வுடல. சீக்காளி கிரேன் ஏறக் கூடாதாம்! இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள எனுக்குச் சீக்கு இல்லன்னு லெட்டர் குடுக்கலன்னா என் கிரேனை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பதினெட்டு வருசமா ஓட்டறேன்மா!"

"சாம்பிள் புதுவாயல் பல் டாக்டர்கிட்டேர்ந்து வந்திருக்கு சார். அவங்கதான் சதையை வெட்டி, மருந்து பாட்டில்ல போட்டு அனுப்புவாங்க. நாங்க..."

"யாரு சதை? அந்த டாக்டர் ஊட்டுப் படியக்கூட நான் மிதிச்சதில்ல. தோ பாரு!"

கவுண்டர் மேல் குனிந்து 'ஆ'வென்று வாயைத் திறந்து காட்டினான். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கனா வெட்டின தழும்பு கீதா? வர்ற வழில மொளகா பஜ்ஜி நாலு துன்னுட்டு வந்தேன். வாயில புண்ணு கீறவன் காரம் துன்ன முடியுமா? நீயே சொல்லு!"

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி விக்டோரியா, சேலைத் தலைப்பால் முகத்தை மூடியபடியே மெல்லச் சொன்னாள்.

"கத்தாதீங்க. அந்தப் பொண்ணு இன்னா பண்ணும் பாவம்."

"நீ சும்மா கெட! வர வாணாம்னா கேக்காம பஸ் ஏறிட்டு, இங்க வந்து மருந்து நாத்தத்துக்கு மூஞ்சப் பொத்திக்கினு குந்திக்கினு கீற." மறுபடி கவிப்பிரியாவிடம் திரும்பினான். "ஒரே பேஜாரா கீதும்மா. ஊட்ல போனா கொழம்புல காரம் கெடையாது. கம்பெனிக்குப் போனா வேலை கெடையாது. இங்க வந்தா பதில் கெடையாது. மனுசன் எங்கதான் போறது?"

கவிப்பிரியாவுக்கும் எரிச்சல்தான். ஆனால் அவன் வாயில் புண் இல்லை என்பதை அவளும் பார்த்துவிட்டாளே. "இருங்க சார். டாக்டர் அனுப்பின ஃபார்மையே எடுத்துப் பாக்கறேன்" என்று உள்ளே போனாள்.

ஐந்து நிமிடம் கழித்துக் கையில் ஒரு மஞ்சள் தாளோடு வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"தப்பு எங்க மேலதான் சார். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது பேரு, வயசு எல்லாம் மாத்தி அடிச்சுட்டாங்க. இந்தச் சதை உங்களுது இல்ல."

"கேட்டுக்கினியா!" என்று அன்புராஜ் கூடத்துக்கே கேட்கும்படி மனைவியைப் பார்த்துக் கத்தினான். "நான் சொன்னனா இல்லியா? எனுக்கு ஒண்ணும் இல்லடீ!"

விக்டோரியா தலையை மட்டும் ஆட்டினாள். கவிப்பிரியா அவசரமாகக் கடிதம் அடித்து, முத்திரை குத்தி நீட்டினாள். அன்புராஜ் அதை வாங்கிக்கொண்டு அத்தோடு போயிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

"அதெப்டி, என் இன்சூரன்ஸ் கார்டுல எவனோ வைத்தியம் பாத்துக்கினு போயிருக்கான். எவன் அவன்? அவனால எனுக்கு ரெண்டு நாள் சம்பளம் போச்சு, மானம் போச்சு. பேரைச் சொல்லு. இன்னிக்கே அவன் ஊட்டு வாசல்ல போயி நிக்கறேன்."

"வேணாம் சார். உள்ள வாங்க, எங்க டாக்டரே உங்ககிட்ட பேசுவாரு."

"டாக்டரு இன்னாத்துக்கு? பயந்து நடுங்கறவன் இல்ல நானு. குடு இப்படி!"

மஞ்சள் தாளை அவள் கையிலிருந்து பிடுங்கினான். பல் டாக்டரின் கோணல் கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். கூடம் முழுவதும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தான்.

"இன்சூரன்ஸ் அட்டை... அன்புராஜ். ஆங், இது நானு. தொந்தரவு... ரெண்டு மாசமா கன்னத்துல ஆறாத புண்ணு. காரம்... காரம் பட்டா தாங்க முடியல..."

அதற்கு மேல் சத்தம் வரவில்லை. கடைசி வரியில், நோயாளியின் பெயர் விக்டோரியா என்றும், அட்டைதாரருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மனைவி என்றும் எழுதியிருந்தது.

விக்டோரியா அப்போதுதான் முகத்திலிருந்து தலைப்பை எடுத்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"சொன்னா கத்துவீங்கன்னுதாங்க சொல்லல."