தலையில் ஒட்டிய பெயர்

அந்த மெல்லிசைக் குழுவின் பேஸ் கிட்டாருக்குத் தலையில் எந்தக் கம்பெனிப் பெயரும் கிடையாது. அது எவ்வளவு உருகி ஒலித்தாலும் குழுத் தலைவர் தேவசகாயம் முகம் சுளிப்பார். "தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குப்பா."

அதை வாசிக்கிற ரெஜின் ஒருநாள் பிரபலமான வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஸ்டிக்கரை அதன் தலையில் ஒட்டி எடுத்துவந்தான். அதே பாட்டு, அதே விரல், அதே நாலு கம்பி. தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! இதுல்ல சத்தம்!"

கிட்டாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய் காகிதமே! ஆறு வருஷமா அடி வாங்குறது நான். நேத்து வந்து ஒட்டிக்கிட்ட நீ பேர் வாங்குறியா?"

"ஏன் கத்துறே? நம்ம ரெண்டு பேரையும்தானே சொல்றார்" என்றது ஸ்டிக்கர்.

"நம்மளையா? உன்கிட்ட ஒரு கம்பி இருக்கா?"

ஆத்திரம் தாங்காமல் கிட்டார் தன் தடித்த கம்பியைத் தானே அறுத்துக்கொண்டது. அறையே அதிர்ந்தது.

தேவசகாயம் சிலிர்த்துப்போனார். "அறுந்தாக்கூட என்ன கனம் பாரு! கம்பெனின்னா கம்பெனிதான்."

"ரொம்ப நன்றி சார்" என்றது ஸ்டிக்கர்.