பாலத்துச் சோதனைக்காரி

பாலத்தின் நடுவில் மிஸஸ் டூலனின் தொப்பி தெரிந்ததுமே சுங்க அதிகாரி டன்கன் பிர்னி துள்ளி எழுந்தார். காலையில் துடைப்பக் குச்சி மாதிரி அந்தக் கரைக்குப் போனவள், இப்போது மாவு மூட்டை மாதிரி ஆடி அசைந்து திரும்பிக்கொண்டிருந்தாள்.

"வர்றா பாரு ஐசபெல்! இன்னிக்கு வசமா மாட்டினா!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, புது பூட்ஸ் கிறீச்சிட வாசலுக்கு வந்தார்.

அந்த பூட்ஸ் மேல் அவருக்கு ஏகப் பெருமை. பிறந்தநாளுக்கு ஐசபெல் கொடுத்தது. இவர் சம்பளத்தில் அவள் எப்படித்தான் மிச்சம் பிடித்தாளோ, மகராசி!

அந்தக் காலத்தில் மர்ரே ஆற்றின் இரு கரையும் தனித்தனி அரசாங்கம். அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ். துணியும் தோலும் அங்கே கொள்ளை மலிவு. இந்தப் பக்கம் விக்டோரியா, எதைத் தொட்டாலும் வரி. ஆனாலும் பிர்னியின் பாலத்தில் இதுவரை ஒரு கைக்குட்டைகூடப் பிடிபட்டதில்லை.

மெல்போர்ன் மேலிடம் பொறுமை இழந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் யாரையாவது பிடிக்காவிட்டால் மாலீ பாலைவனத்துச் சாவடிக்கு மாற்றல் என்று உத்தரவு. அங்கே மணலும் முயலும்தான். மாதம் இன்றோடு முடிகிறது.

பிர்னி என்ன செய்வார், பாவம்! சந்தேகம் எல்லாம் பெண்கள் மேல். ஆம்பிளை கை வைத்துச் சோதிக்க முடியுமா? கெஞ்சிக் கூத்தாடி, பெண் சோதனையாளர் வேலை ஒன்றுக்கு அனுமதி வாங்கினார்.

ஊரில் ஒருத்தியும் வேலைக்கு வரவில்லை. "நாங்க அந்தக் கரைக்குப் போய் வர வேண்டாமா?" என்று முகத்துக்கு நேரே சிரித்தார்கள். கடைசியில் ஐசபெல்தான், "விடுங்க, நானே வர்றேன்" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மிஸஸ் டூலன் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"என்ன சார், மாப்பிள்ளை மாதிரி வாசல்லயே நிக்கறீங்க?"

"உங்களுக்காகத்தாம்மா. காலையில பார்த்தப்போ பாதிதானே இருந்தீங்க?"

"எங்க அக்கா வீட்டு விருந்து சார். ஆட்டுக்கறி ரொட்டி. உங்களைச் சொல்லிக் குத்தமில்லே, கண்ணு வைக்காதீங்க!"

"உள்ளே போங்க. சோதனை போடணும்."

இரண்டு பெண்களும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஏதோ பேச்சு, அப்புறம் குபீரென்று ஒரு சிரிப்பு. கதவு திறந்தபோது, போன சுற்றளவு குறையாமல் வெளியே வந்தாள் மிஸஸ் டூலன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் ஐசபெல். "அத்தனையும் உடம்புதான்."

பிர்னியின் முகம் சுண்டிப் போயிற்று. ஒரு குடும்பப் பெண்ணைப் போய் மூட்டை என்று நினைத்தோமே! "மன்னிச்சுடுங்கம்மா" என்று தொப்பியைக் கழற்றினார். அவள் போனதும் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"முடிஞ்சுதுடி. இனி மாலீயில முயலுக்குத்தான் வரி போடணும்."

"அவசரப்படாதீங்க. இன்னும் பொழுது சாயல" என்றாள் ஐசபெல்.

அப்போது பாலத்தில் மேயர் வீட்டுக் குதிரை வண்டி வந்தது. உள்ளே மேயரின் மனைவி மிஸஸ் ஹார்க்னெஸ், கொடி போல மெலிந்தவள், தேவாலயத்தில் முதல் வரிசைக்காரி. பிர்னி வழக்கம்போல் சலாம் போட்டுத் தடுப்புக் கட்டையைத் தூக்கப் போனார். ஐசபெல் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் இறங்குறீங்களா?"

"ஐயையோ, என்னடி பண்றே!" என்று பதறினார் பிர்னி.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று சீறினாள் மேயர் மனைவி.

"நல்லாத் தெரியும்மா. அதான் நல்ல நாற்காலியாப் பார்த்துப் போட்டிருக்கேன். வாங்க."

பிர்னி வாசலில் நின்று தனக்குத் தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொன்னார். உள்ளே ஒரே சத்தம். பிறகு அழுகை. ஐசபெல் கதவைத் திறந்தாள், கை நிறையப் பட்டு. அந்தம்மாள் பாவாடைக்குள் ஒரு முழுத் துணிச்சுருளையே இடுப்போடு சுற்றி வந்திருந்தாள்!

அபராதம் கட்டி, வண்டி போய், மெல்போர்னுக்குத் தந்தியும் அடித்தாயிற்று. இனி மாலீயாவது மண்ணாவது! பிர்னி மனைவியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வேலியே பயிரை மேயுதே ஐசபெல்! உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மிஸஸ் டூலன்தான் சொன்னா. அந்தக் கரைக் கடையில இந்தம்மா பட்டைச் சுத்திக்கிட்டு நின்னதைக் கண்ணால பார்த்தாளாம்."

"தங்கமான பொம்பளை! அவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!" பிர்னி நிம்மதியாகக் காலை நீட்டினார். பூட்ஸ் கிறீச்சிட்டது. சட்டென்று நெற்றி சுருங்கியது. "ஆமா, அவ கடைக்கு எதுக்குப் போனா? அக்கா வீட்டு விருந்துக்குன்னு இல்ல சொன்னா?"

ஐசபெல் குனிந்து, அவர் பூட்ஸின் மேலிருந்த தூசியை தன் ஏப்ரன் துணியால் பதமாகத் துடைத்தாள்.

"அவளைப் பிடிச்சுக் குடுத்துட்டா, இது தேஞ்சதும் அடுத்த ஜோடியை யாருங்க சுமந்துக்கிட்டு வருவா?"