நாற்பத்தைந்து நாள் தண்ணீர்

நெல்லித்தோப்பு வீட்டுக் கூடத்தில் மூன்று பேர். ஜன்னலோர நாற்காலியில் கலியபெருமாள், எதிரே கட்டிலில் மனைவி அமுதவல்லி, நடுவே தரையில் மகள் பூர்ணிமா. ஸ்டூலின் மேல் ஒப்புதல் கடிதம்.

"கையெழுத்துப் போடுங்கப்பா. தபால் எடுக்க வந்துடுவாங்க" என்றாள் பூர்ணிமா.

"விண்கலம் மாதிரி மூடின அறைக்குள்ள நாப்பத்தஞ்சு நாளு. நாலு பேரு வேர்வையும் மூத்திரமும் சுத்தம் பண்ணி, நம்ம வீட்டுப் பொம்பள குடிக்கணுமா?"

"விண்வெளிக்குக் குடம் குடமா தூக்கிட்டுப் போக முடியுமாப்பா? அதான் தரையிலயே குடிச்சிப் பாக்குறாங்க. நம்ம போர் தண்ணிய விட சுத்தம்."

"என்ன அமுதா, நீ வாயே தொறக்கல?"

"பொண்ணு சரியாத்தான சொல்றா" என்றாள் அமுதவல்லி, உறையில் முகவரி எழுதியபடி.

"ஒடம்புக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் கலியபெருமாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தின் கடைசி வரிகளைச் சத்தமாகப் படித்தார்.

"சோதனையில் பங்கேற்பவர், திருமதி அமுதவல்லி, வயது ஐம்பத்திரண்டு, குடிநீர் ஆய்வக அலுவலர். ஒப்புதல் தருபவர், கணவர்."

கையெழுத்துப் போட எடுத்த பேனா நின்றது.

"கல்யாணமாகி ஒரு வாரம் சேந்தாப்புல உன்ன விட்டு இருந்ததில்லடி."

"எனக்கு மட்டும் முடியுமா? முப்பது வருஷமா ஊரு தண்ணியெல்லாம் சோதிச்சிட்டேன். இது ஒண்ணுதாங்க பாக்கி."

கையெழுத்துப் போட்டார். அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'காலையில் இவருக்கு முதல் தம்ளர் வெந்நீராகத் தரவும்.'

சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டினார். பூர்ணிமா கை நீட்டியும் கொடுக்காமல், தானே போய்த் தபால் பெட்டியில் போட்டார்.