இரண்டாம் ஓலை

நன்மை வாங்கி வந்து முழங்காலில் இருந்தாள். நாக்கில் நற்கருணை அப்பம் இன்னும் கரையவில்லை.

சாமியார் அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். குருசடிக்கு வெள்ளையடிப்பது. பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பு. பிறகு கல்யாண ஓலை.

“நம் பங்கைச் சேர்ந்த குருசம்மாள், காலஞ்சென்ற தொபியாஸ் இவர்களின் மகன் ரெக்சனுக்கும்…”

தன் பெயரைக் கேட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“…சென்னையைச் சேர்ந்த ஜாஸ்மின் நித்யாவுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது இரண்டாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்க வேண்டும்.”

தடை ஒன்று அவளிடம் இருந்தது. கோயிலில் வைத்துச் சொல்லக்கூடிய தடை அல்ல அது.

கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது அந்தப் பெண்ணின் பெயரை மகன் சொன்னான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நம்ம ஆளுவளா?”

மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஈஸ்டருக்கு வரவில்லை. போன் செய்தால், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பதோடு சரி.

இரண்டாம் ஓலை.

அப்படியென்றால் முதல் ஓலை போன ஞாயிறே வாசித்தாயிற்று.

அவள் எப்போதும் விடியக்காலை முதல் பூசைக்குப் போகிறவள். ஓலை வாசிப்பது கூட்டம் வரும் இரண்டாம் பூசையில். இன்றைக்குக் காய்ச்சல். விடியலில் எழுந்திருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பூசை.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்வரிசை முக்காடுகள் அசையவே இல்லை. திரும்பாமல் இருக்க அத்தனை பேரும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை அன்பியக் கூட்டம் அவள் வீட்டில்தான் நடந்தது. தெருவே வந்து பாயில் உட்கார்ந்து ஜெபம் சொன்னது. சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றது. அடுத்த வீட்டு பிலோமி கண்ணை மூடிக்கொண்டு, “இந்த வீட்டுல நல்ல காரியம் நல்லபடியா நடக்கணும் ஆண்டவரே” என்று மன்றாடினாள்.

இவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள்.

காலையில் கோயில் வாசலில் இவளைப் பார்த்ததும் பிலோமி பதறிப்போனாள். “ஏன்க்கா எந்திரிச்சு வந்திய? படுத்திருக்கலாம்லா? கேட்டா சாமியே வீட்டுக்கு நன்மை கொண்டாந்திருப்பாவ.”

கரிசனம் என்று நினைத்திருந்தாள்.

சாமியார் கையை உயர்த்தி ஆசீர் கொடுத்தார். சிலுவை போட்டுக்கொண்டாள். கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

வெளியே வெயில். கொடிமரத்தடியில் மிக்கேலம்மா வழிமறித்தாள். மேலத்தெருக் கிழவி. உள்விவரம் ஒன்றும் தெரியாதவள்.

“என்ன குருசு, மவனுக்கு ஓலை வாசிச்சிட்டாவ, ஒரு வார்த்த சொல்லலியே? பொண்ணப் பாத்துட்டியா?”

சுற்றிலும் பேச்சு நின்றது.

“பாக்காமயா?” என்றாள் இவள். “பாத்தாச்சு.”

“எப்படி இருப்பா?”

அந்தப் பெயரைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது.

பிலோமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நல்ல ஒசரம், பெரியம்மா. அக்காவுக்கு மேல ஒரு சாண் இருப்பா. மாநிறம். எதக் கேட்டாலும் மொதல்ல ஒரு சிரிப்பு, பொறவுதான் பதில். இடது கன்னத்துல குழி விழும்.”

“மகராசியா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கிழவி நடந்தாள். மற்றவர்களும் கலைந்தார்கள்.

போன மாதம் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் பிலோமி சென்னைக்குப் போனாள். இவள்தான் வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள்.

கன்னத்தில் குழி விழுவதை நேரில் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது.

இருவர் மட்டும் நின்றார்கள். பிலோமியின் முகம் வெளுத்திருந்தது.

“அக்கா… ரெக்சன் தம்பிதான் கெஞ்சிச்சு. நிச்சயத்துக்கு அம்மா பக்கம் ஒரு ஆளாவது நிக்கணும்னு…”

இவள் கையைக் காட்டி நிறுத்தினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தெருப் பக்கம் நாலடி வைத்தவள் நின்றாள்.

திரும்பவில்லை.

“மெலிஞ்சிருந்தானா?” என்று கேட்டாள்.